நாற்பது அடி நீளத் தண்ணீர்

பல் டாக்டர்களுக்குக் கடலின் மேல் அப்படி என்ன ஆசையோ, இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்குப் பிடிபடவில்லை. திண்டிவனத்தில் மூன்று பேர், விழுப்புரத்தில் ஐந்து பேர், எல்லோருக்கும் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் கடற்கரைதான் வேண்டும். வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடக்கிறவன் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வலி தெரியாதாம். எலும்பு டாக்டர்கள் ஏரி கேட்பார்கள். கண் டாக்டர் மட்டும் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. தன்னிடம் வருகிறவர்களுக்கு அது வீண் செலவு என்று நினைத்தாரோ என்னவோ.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். எழுதுகிறேன். ஸ்டேஷனில் என்னை யாரும் மிரட்டவில்லை, டீயும் வாங்கிக் கொடுத்தார்கள்.

என் பெயர் சீனுவாசன். வயது நாற்பத்தெட்டு. திண்டிவனத்தில் மயிலம் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து எடுப்பதையெல்லாம் விட்டுப் பல வருடமாகிறது. நான் எடுப்பது நீட்டுப் படம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மரக்காணம் கடற்கரை, முகத்துவாரம், கழுவெளி, வீடூர் அணை என்று தண்ணீர் இருக்கிற இடமாகப் போவேன். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஒன்பது படமோ பத்துப் படமோ எடுப்பேன். அத்தனையையும் கம்ப்யூட்டரில் வரிசையாக ஒட்டினால் ஒரே நீளப் படம் கிடைக்கும். அதைச் சுவர் அளவுக்கு அச்சடித்துக் கொடுப்பது தொழில்.

ஒட்டுவது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். கரை நகராது, பனைமரம் நகராது, அவற்றைக் கம்ப்யூட்டரே ஒட்டிவிடும். தண்ணீர் அப்படியில்லை. முதல் படத்தில் எழும்பிய அலை அடுத்த படம் எடுப்பதற்குள் உடைந்து போயிருக்கும். இரண்டும் சேருமிடத்தில் கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைக் கையால்தான் மறைக்க வேண்டும். எனக்கு அது வராது. இதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கலைமதிக்கு வந்தது.

கலைமதி, துரைக்கண்ணு அண்ணனின் மகள். கூடப்பிறந்த அண்ணன் இல்லை, பங்காளி. பெருமுக்கல் பக்கம் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், கேப்பையும் போடுகிற சொந்த நிலக்காரர். பெண் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாளே என்று நான்தான் ஸ்டுடியோவுக்கு அனுப்பச் சொன்னேன். நான்கு வருடம் வேலை பார்த்தாள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். சுவரில் படத்தை மாட்டுகிற பூமாலை ஒருமுறை மரக்காணம் கடலை விரித்துப் பார்த்துவிட்டு, “இன்னாணா, தொட்டா கை நனைஞ்சிடும் போலக்குது” என்றான். அந்த மாதிரி பேச்சு வரும்போதெல்லாம் நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். அவளும் அது தன் கைவேலை என்று காட்டிக்கொள்ளமாட்டாள்.

இந்த வருடம் தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், அவள் வந்து நின்றாள்.

“சித்தப்பா, எனக்கு பெங்களூர்ல வேல கெடச்சிருக்குது. ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்றாங்க.”

“அப்பா இன்னாம்மா சொன்னாரு?”

“ஒத்துக்கினாரு. ஹாஸ்டல்ல தங்கறதா இருந்தா போ-ன்ட்டாரு.”

நல்லது என்று சொல்லி டீ வாங்கி வரச் சொன்னேன். உள்ளுக்குள் பயந்தேன் என்றே எழுதிக்கொள்ளலாம். அவள் போன மறுமாதமே எல்லாருக்கும் தெரிந்துவிடும், என் தண்ணீரில் கோடு விழுகிறதென்று. நல்ல பேர் எடுத்தவனுக்கு அதுதான் பெரிய பேஜாரு.

அடுத்த வாரம் கழுவெளிக்குப் போனோம். அவள் என்னோடு வந்த கடைசி வேலை அது. நீட்டுப் படத்தில் ஓர் ஆள் நின்றால்தான் தண்ணீர் எவ்வளவு பெரிதென்று பார்க்கிறவனுக்குத் தெரியும். அதனால் அவளைக் கரையில் நிற்க வைப்பது வழக்கம். மூன்றாவது படத்தில் அவள் நின்றாள். அதற்குள் மேகம் வந்து வெயிலை மறைத்தது. வெளிச்சம் திரும்பட்டும் என்று காத்திருந்தேன். அவள் போய் வண்டிக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்துகொண்டாள். பன்னிரண்டு நிமிடம் கழித்து வெயில் வந்தபோது, ஒரு பையன் டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டுக் கரையில் நின்று நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவது படத்தில் அவன் பதிந்துவிட்டான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை. இது எனக்குத் திட்டவட்டமாகத் தெரியும்.

கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியாது. மூன்றையும் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிவிட்டது. அகலமான ஏரி, நீளமான கரை, நீலச் சுடிதாரில் ஒரு பெண், பக்கத்தில் ஒரு பையன். யார் பார்த்தாலும் ஜோடியாக வந்தவர்கள் என்றுதான் சொல்வார்கள். முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர் இனியவன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்கு வந்திருக்கிறான், ரசீதில் விலாசம் எழுதியிருந்தான். அதனால் அவன் எந்தத் தெரு என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு பெருமுக்கல் போனேன். அண்ணன் கட்டிலில் விரித்துப் பார்த்தார்.

“பக்கத்துல யாருப்பா இது?”

“இனியவன்னு ஒரு பையன்ணா. காலனி.”

நான் சொன்னது அவ்வளவுதான். அண்ணன் படத்தை மெதுவாகச் சுருட்டினார். பாதி சுருட்டியதும் அப்படியே கட்டிலில் போட்டார். அண்ணி வெள்ளையம்மாள் உள்ளே போய்ப் பெண்ணைக் கூட்டி வந்தார். அவள் படத்தைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள்.

“இவரு யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா. ஒட்டுனதுல பக்கத்துல வந்திருக்குது. சித்தப்பாவக் கேளுங்க, கூடத்தான இருந்தாரு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நான் கேமராவப் பாத்துக்கினு இருந்தேன்ணா. கவனிக்கல” என்றேன். அவள் சிரிப்பு நின்ற விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆனால் நான் பொய் சொல்லவில்லை. கேமராவைப் பார்ப்பதுதான் என் வேலை.

வேலைக்குச் சேர வேண்டிய ஒன்றாந்தேதி வந்து போனது. அவளை மல்லாட்டை மூட்டை அடுக்குகிற அறையில் வைத்துப் பூட்டினார்கள். போனை அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார். அதே வாரம் ஒரு காலையில் அந்த இனியவனை மரக்காணம் ரோட்டில் யாரோ மறித்து அடித்திருக்கிறார்கள், கால் முறிந்துவிட்டது. கட்டுப்போட்டதும் திருப்பூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அன்றைக்கு நான் வீடூர் அணையில் இருந்தேன்.

பத்து நாள் பொறுத்து, ஸ்டுடியோ கம்ப்யூட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பெண் சும்மா உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதற்குப் பதில் ஏதாவது வேலை பார்க்கட்டுமே என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணிக்கு என்மேல் அவ்வளவு நன்றி. “நீயாச்சும் அவள நெனச்சிப் பாக்குறியேப்பா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டி ஓர் அடிக்கு ஓர் அடி காற்றுத் துவாரம் மட்டும். மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளி மேசை போட்டோம். இண்டர்நெட் இல்லை. படங்களைப் பென் டிரைவில் கொண்டு கொடுத்து, முடிந்ததும் வாங்கிப் போவேன்.

ஒரு வாரம் அவள் அதைத் தொடவில்லை. எட்டாம் நாள் போனபோது ஒரு கடல் முடிந்திருந்தது. எனக்கு ஆச்சரியமில்லை. அந்த அறையில் பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது? நான் கொண்டுபோய்க் கொடுத்த தண்ணீர்தானே இருக்கிறது.

அப்போது அவள் ஒட்டியதெல்லாம் முன்னைவிட நன்றாக இருந்தது. வெளியே இருந்தபோது ஒட்ட நாலு நாள் ஆகும் படத்தை இரண்டு நாளில் முடித்தாள். அலையின் நுரையை ஒவ்வொரு குமிழாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள், கல்யாண மண்டபத்துக்காரர்கள் என்று அதுவரை வராதவர்களெல்லாம் தேடி வந்தார்கள். நான் பொய்யாகச் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லமாட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

பங்குனியில் ஒரு முகத்துவாரப் படம். அச்சுக்கு அனுப்புமுன் எப்போதும் பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகப் பார்ப்பேன். கரையோரம் நின்ற படகில் பெயர் எழுதுகிற பலகையில், ‘கடல் ராணி’ இருந்த இடத்தில், ‘கலைமதி, பெருமுக்கல், பூட்டிய அறை’ என்று இருந்தது. பெயிண்ட் உரிந்தது, உப்பு பூத்தது எல்லாம் அசலாக இருந்தது. அரை மணி நேரம் ரசித்துப் பார்த்தேன். பிறகு அழித்துவிட்டு ‘கடல் ராணி’யைப் பழையபடி எழுதினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கம்ப்யூட்டரைப் பிடுங்கியிருப்பார். அவளுக்கு இருந்த ஒரே ஆறுதலும் போயிருக்கும். அந்த விஷயத்தில் நான் அவளைக் காப்பாற்றினேன் என்றே சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் இரண்டு முறை செய்தாள். இரண்டு முறையும் அழித்தேன். அப்படி அழித்த கடைசிப் படத்தின் சிறிய பிரதி ஒன்றை, நிறம் எப்படி வந்திருக்கிறதென்று காட்ட, அவளிடம் கொண்டுபோனேன். அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து என்னைச் சித்தப்பா என்று கூப்பிடவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை.

சித்திரை கடைசியில் அண்ணன் ஸ்டுடியோவுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

“சீனு, புள்ள ரொம்ப எளச்சிட்டா. அவ சொல்றது நெசமா இருக்குமோன்னு தோணுதுப்பா. வுட்டுடலாமா? அந்த வேலைக்கே அனுப்பிடலாமா?”

“அவசரப்படாதீங்கணா. அந்தப் பையன் இங்கதான் சுத்திக்கினு இருக்கான். போன வாரம்கூட கழுவெளிப் பக்கம் பாத்தேன்.”

அவன் திருப்பூரில்தான் இருந்தான். அண்ணன், “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று எழுந்து போனார். பஸ் ஏறும்வரை கூடப் போய் விட்டுவிட்டு வந்தேன்.

உங்கள் ஆட்கள் என் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்ததாகச் சொன்னார்கள். எனவே இதையும் நானே எழுதிவிடுகிறேன். முதன்முதலில் கம்ப்யூட்டர் ஒட்டியபோது அவளுக்கும் அவனுக்கும் நடுவே பத்தடி இருந்தது. பத்தடி தள்ளி நிற்பவர்களை யாரும் ஜோடி என்று சொல்வதில்லை. நான் அவனைக் கொஞ்சம் நகர்த்தினேன். தோளுக்கும் தோளுக்கும் ஒரு முழம் விட்டேன். நிழல் இரண்டும் தண்ணீரில் ஒன்றாக விழுகிற மாதிரி செய்தேன். அந்த இடத்தில் கோடு விழவில்லை. தண்ணீரில் கோடு விழாமல் நானாக ஒட்டிய படம் அது ஒன்றுதான்.

விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்கு நாற்பது அடியில் ஒரு படம் கேட்டார்கள். நோயாளிகள் காத்திருக்கிற கூடத்தில் சுவர் முழுக்க வரவேண்டும், கண்ணுக்கு அமைதியாக இருக்க வேண்டும் என்றார்கள். காற்றே இல்லாத ஒரு காலையில் கழுவெளியில் ஐந்து படகுகளை வைத்து எடுத்தேன். மேலே வானம், கீழே அதே வானம். மேலே படகு, கீழே அதே படகு. அதை அவள் ஒட்டி முடித்துக் கொடுத்தது ஆவணி முதல் வாரம். ஐந்து படகின் பலகையையும் பார்த்தேன். ஐந்திலும் பழைய பெயர்களே இருந்தன. பெண் ஒருவழியாக அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய படத்தை மாட்டும்போது ஆட்களுக்குத் தலை எது கால் எது என்று குழப்பம் வரும். அதனால் வெட்டி எறியப்போகிற வெள்ளை ஓரத்தில் ‘மேல்’ என்று எழுதிவிடுவோம். பூமாலை படத்தைப் பார்க்கவே மாட்டான். ‘மேல்’ எங்கே என்று பார்ப்பான், ஆணி அடிப்பான், ஓரத்தை வெட்டிவிடுவான். நானும் படத்தைத்தான் சோதிப்பேன், ஓரத்தைப் பார்க்கமாட்டேன். இது இரண்டும் அவளுக்குத் தெரியும். அவள் ‘மேல்’ என்பதைப் படத்தின் கீழ் ஓரத்தில் எழுதியிருந்தாள்.

பூமாலை நாற்பதடி ஏரியைத் தலைகீழாக மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். தண்ணீர் அவ்வளவு அசையாமல் இருந்ததால் கூடத்தில் இருந்தவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை டோக்கன் கொடுக்கிற நர்ஸ் ஜெசிந்தாதான் கவனித்திருக்கிறார். தண்ணீரில் விழுந்த பிம்பம் இப்போது மேலே வந்திருந்தது. அந்தப் பலகைகளில் வேறு எழுத்து இருந்தது. என் பெயர் கலைமதி. பெருமுக்கல் துரைக்கண்ணு மகள். மல்லாட்டை அறையில். பூட்டி வைத்திருக்கிறார்கள். போலீஸுக்குச் சொல்லுங்கள். படகுக்கு ஒரு வரி.

நான் அதை எப்படித் தவறவிட்டேன் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லப்போனால் அது அவள் செய்த தப்பு. பிம்பமென்றால் எழுத்து கவிழ்ந்து மட்டும்தான் விழும், வலமும் இடமும் மாறாது. அவள் எழுத்தை முழுக்கத் திருப்பி வைத்திருந்தாள், தலைகீழாக மாட்டினால்தான் படிக்க வரும்படி. கடைசிப் படகிலிருந்து வரிசையையும் மாற்றியிருந்தாள். ஸ்டுடியோவில் இருந்திருந்தால் இந்தத் தப்பைக் காட்டித் திட்டியிருப்பேன்.

நீங்கள் ஜீப்பில் போய்ப் பூட்டைத் திறந்ததை நான் பார்க்கவில்லை. அவள் வெளியே வந்ததும் வெயிலைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள் என்றும், அண்ணன் வாசலில் உட்கார்ந்து முகத்தில் அறைந்துகொண்டு அழுதார் என்றும் பூமாலை சொன்னான். அவள் அவரைத் தாண்டிப் போய் ஜீப்பில் ஏறினாளாம்.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. நீங்கள் கேட்காதது, யாருக்கும் தெரியாதது. ஆடி மாதம் கண்டாச்சிபுரத்தில் அண்ணியின் வழியில் ஒரு சாவு. இருவரும் காலை பஸ்ஸில் போனார்கள். போகும்போது அண்ணன் சாவியை என்னிடம் கொடுத்து, “மத்தியானம் சோத்தக் குடுத்துட்டுப் பூட்டிடுப்பா” என்றார். நான் ஒரு மணிக்குப் போய்த் திறந்தேன். அவள் எழுந்து நின்றாள். வீட்டில் ஆளில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். யார்கிட்டயும் உங்களப் பத்திப் பேசமாட்டேன். சத்தியமா. பூட்டாம மட்டும் போயிடுங்க. நான் பஸ்ஸுக்குக்கூட கேக்கல, நடந்தே போயிடறேன்.”

நான் சோற்றை மேசைமேல் வைத்தேன். பென் டிரைவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். புதிய பென் டிரைவை வைத்தேன். புதன்கிழமைக்குள் வேண்டும் என்று சொன்னேன். அவள் கதவின் விளிம்பைப் பிடித்தாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பூட்டினேன். மெலிந்த விரல்கள், கஷ்டமாக இல்லை. சாவி மாலைவரை என்னிடம்தான் இருந்தது. திறக்காமல் போனதற்குப் பயமோ, அண்ணனுக்குக் கொடுத்த வாக்கோ, சாதியோ காரணமில்லை. திறந்தால் அவள் போய்விடுவாள், அதுதான் காரணம்.

இத்தனையும் நான் செய்ததுதான். கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நீங்கள் மேலே தலைப்பில் எழுதியிருக்கிற ஒரு வரியை மட்டும் திருத்தித் தர வேண்டும், மேடம். ‘ஏழு மாதம் அடைத்து வைக்கப்பட்டிருந்த’ என்று இருக்கிறது. அது சரியில்லை. அவள் என்னிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.